‘ஷார்ட் ஆயிடுச்சு’ என்றால் என்ன ஆனது?

மிக்ஸி போட்டதும் டிரிப் ஆனால் ‘ஷார்ட்’. ஃபிரிட்ஜைத் தொட்டதும் சுரீர் என்றால் ‘ஷார்ட்’. பிளக் கருகிப்போனால் ‘ஷார்ட்’. டிவி, ரூட்டர், சார்ஜர் எல்லாம் ஒரே நேரத்தில் புகைந்தால் ‘பெரிய ஷார்ட்’. மின்சாரத்தில் எது கெட்டாலும் நாம் சொல்வது இந்த ஒரு சொல்லைத்தான்.

பேச்சுக்கு அது போதும். ஆனால் மேலே சொன்ன நான்கும் நான்கு வேறு கோளாறுகளாக இருக்கலாம். நான்கில் ஒன்றுகூட நிஜமான ஷார்ட்டாக இல்லாமலும் போகலாம். ஒன்றைப் பிடிக்கும் கருவி இன்னொன்றைக் கண்டுகொள்ளவே செய்யாது. ‘ஷார்ட்டுக்குத்தான் எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே விழும் சுவிட்ச்) போட்டாச்சே’ என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் நிஜ ஷார்ட். பேஸும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலும் (கரண்ட் திரும்பும் வயர்), நடுவில் எந்தக் கருவியும் இல்லாமல், நேராகத் தொட்டுக்கொள்வதுதான் ஷார்ட் சர்க்யூட். இதற்கும் வயரின் நீளத்துக்கும் சம்பந்தம் இல்லை. கரண்ட், லோடு (அதைப் பயன்படுத்தும் கருவி) வழியாகப் போகாமல் குறுக்கே போய்விட்டது என்பதே அந்தச் சொல்லின் பொருள். 1000 வாட் அயர்ன் பாக்ஸின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 53 ஓம். 230 வோல்ட்டில் அது இழுப்பது 4.3 ஆம்பியர். அதே அயர்ன் பாக்ஸின் கார்டு, கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் மடங்கி மடங்கி, உள்ளே இன்சுலேஷன் விட்டு, இரண்டு வயரும் ஒட்டிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த 53 ஓம் கணக்கிலேயே இல்லை. கரண்டைத் தடுக்க மிஞ்சியிருப்பது வயரின் சொந்த ரெசிஸ்டன்ஸ் மட்டும். 1.5 சதுர மி.மீ. செம்பு வயருக்கு மீட்டருக்கு 0.012 ஓம். எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸிலிருந்து சாக்கெட் 20 மீட்டர் என்றால், போக வர 40 மீட்டருக்கு 0.48 ஓம். வெளியிலிருந்து வரும் லைனுக்கு 0.3 ஓம் சேர்த்தால் மொத்தம் 0.78. கரண்ட் 295 ஆம்பியர்.

இந்த 295-ஐப் பிடிக்கத்தான் எம்சிபிக்குள் ஒரு காயில் இருக்கிறது. ‘சி’ வகை எம்சிபியில் அந்தக் காயில், எழுதியிருக்கும் ஆம்பியரைப் போல 5 முதல் 10 மடங்குக்குள் வேலை செய்யும். 16 ஆம்பியர் எம்சிபி என்றால் 80-க்குக் கீழே காயில் அசையாது, 160-ஐத் தாண்டினால் கட்டாயம் விழும். ‘பி’ வகையில் 3 முதல் 5 மடங்கு, அதாவது 48 முதல் 80. நம் 295 ஆம்பியர் இரண்டுக்குமே மிக அதிகம். நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் லிவர் கீழே வந்துவிடும். ‘டப்’ என்ற சத்தம், சாக்கெட் பக்கம் ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான். சரியான அளவில் வயரும் எம்சிபியும் உள்ள இடத்தில் நிஜ ஷார்ட் ஒப்பீட்டளவில் சாதுவான கோளாறு. பலர் நம்புவதற்கு நேர் எதிர் இது.

சரியான அளவு என்பதை விட்டால் கதை மாறும். அதே சாக்கெட்டில் 50 மீட்டர் எக்ஸ்டென்ஷன் கார்டு சொருகுகிறீர்கள், வயர் 0.75 சதுர மி.மீ. மீட்டருக்கு 0.026 ஓம் வீதம் போக வர 100 மீட்டருக்கு 2.6 ஓம். முன்பிருந்த 0.78-உம் சேர்ந்து 3.38 ஓம். கார்டின் கடைசியில் ஷார்ட் ஆனால் வரும் கரண்ட் 68 ஆம்பியர்தான். ‘சி’ வகை 16 ஆம்பியர் எம்சிபியின் காயில் 80 வரை அசையாது என்று பார்த்தோம். ஆகவே இந்த ஷார்ட் அதற்கு ஷார்ட்டாகவே தெரியாது. உள்ளே இருக்கும், சூட்டில் வளையும் பைமெட்டல் தகடு மெல்லச் சூடேறி விழவைக்க வேண்டும். அதற்குப் பல நொடிகள் ஆகலாம். 68 ஆம்பியரில் 0.75 வயரின் பிவிசி உறை தாங்கும் எல்லையைத் தொட ஒன்றரை நொடியை ஒட்டிய நேரம் போதும். எம்சிபி முடிவெடுப்பதற்குள் கார்டு உருகத் தொடங்கியிருக்கும். கார்டை 1.5 சதுர மி.மீ. ஆக்கி, எம்சிபியையும் ‘பி’ வகையாக மாற்றினால், அதே ஷார்ட்டில் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும், ‘பி’ வகை 80-இலேயே கட்டாயம் விழும். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் கார்டுகளை நான் இவ்வளவு வெறுப்பது இதனால்தான். அவற்றின் முனையில் நடக்கும் ஷார்ட், டிபி பாக்ஸ் வரை கேட்பதில்லை.

அடுத்தது செய்திகளில் வரும் சொல்: ‘மின்கசிவு காரணமாகத் தீ’. பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட்டைத்தான் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் கசிவு வேறு, ஷார்ட் வேறு. பேஸ் நியூட்ரலைத் தொடாமல், இரும்பு உடம்பையோ ஈரச் சுவரையோ தொட்டு, மண்ணுக்குப் போவதுதான் கசிவு. எலக்ட்ரீஷியன்கள் ‘பாடி ஷார்ட்’, ‘பாடி எர்த்’ என்பது இதையே. எர்த் வயர் நல்ல உலோக வழியாக சப்ளையின் நியூட்ரல் வரை போய்ச் சேரும் அமைப்பில், பாடி ஷார்ட்டிலும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடி எம்சிபி விழும். எர்த் என்பது மண்ணில் அடித்த கம்பி மட்டுமே என்றால் அப்படி நடக்காது. கம்பியின் எர்த் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம் என்று கொண்டால் 230-ஐ 20-ஆல் வகுக்க 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது சாதாரண லோடு. அது அப்படியே நிற்கும், கருவியின் உடம்பில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் நிற்கும், இரண்டரை கிலோவாட்டுக்கு மேல் மண்ணில் வீணாகிக்கொண்டிருக்கும்.

இதைப் பிடிப்பது ஆர்சிசிபி. பேஸில் போனது எவ்வளவு, நியூட்ரலில் திரும்பியது எவ்வளவு என்று ஒப்பிட்டுக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, வித்தியாசம் 15-ஐத் தாண்டியதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் விழலாம், 30-இல் 0.3 நொடிக்குள் விழுந்தே ஆக வேண்டும். 150 மில்லி ஆம்பியர் என்றால் 0.04 நொடிக்குள். உயிர் காக்கும் கருவி என்று இதைச் சொல்வது மிகை இல்லை. ஆனால் ஒருவர் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்திருந்தால், போனதும் திரும்பியதும் சமம். ஆர்சிசிபிக்கு அவர் ஒரு பல்பு மாதிரிதான். நிஜ ஷார்ட்டும் ஓவர்லோடும் அதற்குத் தெரியாது. அதனால் ஆர்சிசிபி இருந்தாலும் எம்சிபி வேண்டும், எம்சிபி இருந்தாலும் ஆர்சிசிபி வேண்டும். இன்னொன்று: ‘டெஸ்ட்’ பட்டன் ஆர்சிசிபியை மட்டுமே சோதிக்கிறது. எர்த் வயர் அறுந்து கிடந்தாலும் பட்டனை அழுத்தினால் அது அழகாக விழும். எர்த் இல்லாத வீட்டில் பாடி ஷார்ட் ஆனால், யாராவது தொடும் வரை ஆர்சிசிபிக்கு விஷயமே தெரியாது. தொட்டபின் விழும், ஷாக் அடித்துவிட்டுத்தான் விழும்.

ஓவர்லோடைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இதில் எதுவும் எதையும் தொடவில்லை, எல்லாக் கருவியும் நன்றாக இருக்கிறது. ஒரே வயரில் அளவுக்கு மேல் மாட்டியிருக்கிறோம், அவ்வளவே. 2000 வாட் ஹீட்டர், 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1000 வாட் அயர்ன் பாக்ஸ் மூன்றும் ஒரே 16 ஆம்பியர் எம்சிபியில் ஓடினால் 21.7 ஆம்பியர். உடனே விழுந்துவிடும் என்று நினைப்போம். வீட்டு எம்சிபிக்கான ஐ.இ.சி. 60898 விதிப்படி 1.13 மடங்கில், அதாவது 18 ஆம்பியரில், ஒரு மணி நேரம் விழவே கூடாது. 1.45 மடங்கில், அதாவது 23.2 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும். நம் 21.7 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எம்சிபி விழ வேண்டிய கட்டாயமே இல்லை. எம்சிபியின் எண்ணைப் பார்த்து வயரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டவர்களின் வயர் அந்த நேரமெல்லாம் வெந்துகொண்டிருக்கும். ‘அடிக்கடி விழுது’ என்று 16-ஐக் கழற்றி 32 போடுபவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: விழாமல் இருக்கச் செய்ததில் நீங்கள் நீக்கியது கோளாறை அல்ல, காவலை. ஃபியூஸ் கட்டையில் இரண்டு இழை, மூன்று இழை என்று செம்புக் கம்பி சுற்றுவதும் இதேதான்.

இனி, எனக்கு மிகவும் பயம் தருவது: லூஸ் கனெக்‌ஷன். கருகிய பிளக்கைக் காட்டி ‘ஷார்ட் ஆயிடுச்சு’ என்று யாராவது சொன்னால் பத்தில் ஒன்பது முறை இதுதான் என்று யோசிக்கத் தொடங்கலாம். ஷார்ட்டுக்கு இது எதிர்ப்பதம். அங்கே தொடக் கூடாதவை தொட்டுவிட்டன. இங்கே தொட வேண்டியவை சரியாகத் தொடவில்லை. சாக்கெட்டின் ஸ்பிரிங் தளர்ந்து, பிளக் பின்னை ஒரு ஓரத்தில் மட்டும் பிடிக்கிறது. அந்த இடத்தில் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ். அதன் வழியே 10 ஆம்பியர் போனால், கரண்டின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் பெருக்க, 50 வாட் வெப்பம். ஈயம் உருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டை, பயறு அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்குள் புதைத்து வைத்தது போல. எம்சிபிக்குத் தெரிவது 10 ஆம்பியர் மட்டும், அது விழ வேண்டியதில்லை. ஆர்சிசிபிக்குப் போனதும் வந்ததும் சமம், அதுவும் விழாது. ஹீட்டரும் நன்றாகவே ஓடும். சூட்டில் உலோகம் ஆக்ஸைடு ஆகும், ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும், ஸ்பிரிங் இன்னும் தளரும், சூடு இன்னும் கூடும்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம். ஹீட்டர் 15 நிமிடம் ஓடியபின் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, பின்களுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு கோளாறு. பின்னில் ஒன்று மட்டும் நீலமோ பழுப்போ பூத்திருந்தால் அந்தப் பக்கம்தான் லூஸ். சாக்கெட் துளையைச் சுற்றி மஞ்சளித்திருக்கும். பக்கத்தில் மீன் வாடை மாதிரி ஒன்று வந்தால், சூடேறும் பேக்கலைட் வகைப் பிளாஸ்டிக்கின் வாடை அது, தேடாமல் விடாதீர்கள். லைட் மினுக்கினால் பல்பை மாற்றுவதற்கு முன் இணைப்புகளைப் பார்க்க வேண்டும்.

சரிசெய்யும்போது பாதி வேலை செய்வதுதான் பெரும் தவறு. கருகிய பிளக்கை மட்டும் மாற்றி, தளர்ந்த சாக்கெட்டை அப்படியே விட்டால் புதுப் பிளக்கும் கருகும், இரண்டையும் மாற்றுங்கள். வயரின் நுனி கறுத்திருந்தால், பளபளவென்று செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். ஸ்க்ரூவுக்கு அடியில் இன்சுலேஷன் மாட்டிக்கொள்ளக் கூடாது, வெளியே செம்பும் தெரியக் கூடாது. இழை வயராக இருந்தால் இறுக்கி முறுக்கி, ஃபெரூல் (நுனியில் மாட்டும் சிறு உலோகக் குழாய்) போட்டு நசுக்கி மாட்டுவது நல்லது. நுனியில் ஈயம் பற்றவைத்து ஸ்க்ரூவில் மாட்டுவது நேர்த்தியாகத் தெரியும். ஆனால் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும், சில மாதங்களில் ஸ்க்ரூ லூஸாகிவிடும். அலுமினியத்தையும் செம்பையும் நேராக முறுக்கிச் சேர்க்கவே கூடாது.

லூஸ் கனெக்‌ஷன் முற்றினால் இன்சுலேஷன் உருகி, கடைசியில் பேஸும் நியூட்ரலும் நிஜமாகவே ஒட்டிக்கொள்ளும். அப்போது எம்சிபி விழும். எரிந்த வயரில் உருகி உறைந்த செம்பு முத்தைப் பார்த்து ‘ஷார்ட்’ என்று எழுதிவிடுவார்கள். வேறு காரணத்தால் பிடித்த தீயும், கரண்ட் இருக்கும் வயரின் இன்சுலேஷனை எரித்து அதே முத்தை உண்டாக்கும். தீக்குக் காரணம் ஷார்ட்டா, ஷார்ட்டுக்குக் காரணம் தீயா என்பதை அந்த முத்து ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

‘பெரிய ஷார்ட்’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் நியூட்ரல் கட். த்ரீ பேஸ் லைனில் ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட், பேஸுக்கும் பேஸுக்கும் நடுவில் 400. பொது நியூட்ரல் எங்கோ அறுந்துவிட்டால், இரண்டு பேஸில் இருக்கும் லோடுகள் சீரிஸாகி 400 வோல்ட்டின் குறுக்கே நிற்கும். ஒரு பக்கம் 2000 வாட் ஹீட்டர், 26 ஓம். இன்னொரு பக்கம் டிவியும் ரூட்டருமாக 100 வாட், சுமார் 529 ஓம். 400 வோல்ட் இந்த விகிதத்தில் பிரிய, ஹீட்டருக்குக் கிடைப்பது 19 வோல்ட், டிவிக்கு 381. ஷார்ட்டே இல்லை, கசிவும் இல்லை. எம்சிபிக்கும் ஆர்சிசிபிக்கும் வேலையில்லை. சில லைட் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், சில லைட் மங்கல், ஒரு ஃபேன் விமானம் மாதிரி, இன்னொன்று நகர மறுக்கிறது என்றால், காரணம் தேடாதீர்கள், மெயினை அணையுங்கள். இதைப் பிடிக்க ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ரிலே தனியாக வைக்க வேண்டும்.

தொழில் செய்பவர்கள் இந்தச் சொல்லை வினையாகவும் பயன்படுத்துவார்கள். ‘சுவிட்சை ஷார்ட் பண்ணிப் பாரு’ என்றால், சுவிட்சின் இரண்டு முனையையும் ஒரு வயரால் சேர்த்துப் பார், லோடு ஓடினால் சுவிட்ச்தான் கெட்டது என்று பொருள். இது ஆபத்தான ஷார்ட் இல்லை, ஏனென்றால் வழியில் லோடு இருக்கிறது. ஆனால் சாக்கெட்டின் இரண்டு துளைகளிடம் அதே வார்த்தையைச் சொன்னால் அது வெடி. புதிதாகத் தொழில் பழகுபவரிடம் ‘ஷார்ட் பண்ணு’ என்று மட்டும் சொல்லி விடக் கூடாது. எந்த இரண்டு முனை என்றும் சொல்ல வேண்டும்.

எது விழுந்தது, எப்போது விழுந்தது என்று பார்த்தாலே முக்கால் வாசி தெரிந்துவிடும். ஆன் செய்த அதே கணத்தில் எம்சிபி விழுந்தால் ஷார்ட், அல்லது எர்த் நன்றாக இருக்கும் இடத்தில் பாடி ஷார்ட். சில நிமிடம் ஓடி விழுந்தால் ஓவர்லோடு. அப்போது எம்சிபியின் உடம்பு சூடாக இருக்கும், உடனே தூக்கினால் நிற்காமலும் போகலாம். எம்சிபி நிற்க, ஆர்சிசிபி மட்டும் விழுந்தால் கசிவு. ஒன்றுமே விழாமல் சூடு, வாடை, மினுக்கல் என்றால் லூஸ். விழுந்த எம்சிபியை ஒரு முறை தூக்கிப் பார்க்கலாம். மறுபடி உடனே விழுந்தால் அதோடு விடுங்கள். ஒவ்வொரு ஷார்ட்டிலும் அதன் உள்தொடர்பு ஆர்க்கில் அரிக்கப்படுகிறது. பத்து முறை தூக்கினால் கோளாறு போகாது, எம்சிபிதான் போகும்.

கசிவைத் தேடும்போது, எல்லாப் பிளக்கையும் உருவிவிட்டு, எம்சிபிகளை அணைத்து, ஆர்சிசிபியைத் தூக்கி, ஒவ்வொன்றாக ஆன் செய்வதுதான் வழக்கம். பிளக்கை உருவ வேண்டும், சுவிட்சை அணைத்தால் போதாது. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒற்றை முனை எம்சிபி பேஸை மட்டுமே துண்டிக்கும். எங்காவது நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த சர்க்யூட்டின் எம்சிபி அணைந்திருந்தாலும், வேறு எங்கோ லோடு ஓடும்போது ஆர்சிசிபி விழும். எந்த எம்சிபியை அணைத்தாலும் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கிறது என்றால் சந்தேகம் நியூட்ரல் மேல் போக வேண்டும். மெயினை அணைத்து, நியூட்ரல் வயர்கள் சேரும் நியூட்ரல் பாரிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்தோடு அளந்து பார்க்க வேண்டும். அது எலக்ட்ரீஷியன் வேலை.

மீட்டர் வைத்து ஷார்ட் பார்ப்பவர்கள் பீப் சத்தத்தை நம்பி ஏமாறுவார்கள். பல மீட்டர்கள் 30 முதல் 50 ஓம் வரை பீப் அடிக்கும். 26 ஓம் ஹீட்டர் மாட்டியிருந்தால், எந்தக் கோளாறும் இல்லாமலே பீப் கேட்கும். ஓம் ரேஞ்சில் வைத்து எண்ணைப் படியுங்கள்: ஒரு ஓமுக்குக் கீழ் என்றால் ஷார்ட், 26 என்றால் யாரோ ஹீட்டர் பிளக்கை உருவ மறந்திருக்கிறார்கள். அளப்பதற்கு முன், மீட்டரை வோல்ட் ரேஞ்சில் வைத்து, கரண்ட் உள்ள இடத்தில் சோதித்து, பிறகு மெயினை அணைத்து, கரண்ட் இல்லை என்று உறுதி செய்து, மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில் மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை விடப் பழைய வழி சீரிஸ் லேம்ப். 100 வாட் ஃபிலமென்ட் பல்பு ஒன்றைப் பேஸில் சீரிஸாகப் போட்டு, சோதிக்க வேண்டிய கருவியை அதன் வழியாக ஓட்டுவார்கள். ஷார்ட் இருந்தாலும் பல்பு 0.43 ஆம்பியருக்கு மேல் விடாது, அதனால் எதுவும் வெடிக்காது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. முழு வெளிச்சம் என்றால் ஷார்ட், எரியவே இல்லை என்றால் வழி அறுந்திருக்கிறது, மங்கல் என்றால் கருவி சரி என்று கற்றுக்கொடுப்பார்கள். மங்கல் கணக்கு சின்ன லோடுக்குத்தான் பொருந்தும். 53 ஓம் அயர்ன் பாக்ஸை மாட்டினால், 529 ஓம் பல்புக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை, பல்பு 0.4 ஆம்பியர் வாங்கிக்கொண்டு கிட்டத்தட்ட முழுதாகவே எரியும். நல்ல அயர்ன் பாக்ஸை ‘ஷார்ட்’ என்று ஒதுக்கிவிடுவது இப்படித்தான். சூடேற்றும் கருவி எதுவானாலும் சீரிஸ் லேம்பின் பேச்சைக் கேட்காமல், ஓம் மீட்டரில் எண்ணைப் பாருங்கள். வாட்டை வைத்துக் கணக்கிட்ட ரெசிஸ்டன்ஸை ஒட்டி வந்தால் எலிமென்ட் நன்றாக இருக்கிறது. அதன்பின், இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் எலிமென்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே 1 மெகா ஓமுக்கு மேல் காட்டினால் மாட்டலாம்.